எண்டர் தட்டினால் ஓடிவிடும் வரி: டேட்டாடேபிள்ஸ் எடிட்டருடன் எட்டு மாதம்

மதுரையில் இரு சக்கர வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு மென்பொருள் பார்த்துக் கொடுப்பவன் நான். சரக்குப் பட்டியலில் 61,000 உருப்படிகள் இருக்கின்றன. புது விலைப்பட்டியல் வரும் நாட்களில், கணக்கு பார்க்கும் அக்கா நூற்றுக்கணக்கான விலைகளைக் கையால் மாற்றுவார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் திறந்து, சேமித்து, மறுபடி பட்டியலுக்கு வந்து, விட்ட இடத்தைத் தேட வேண்டும். "எக்செல்லில் இருப்பதுபோல் அந்தக் கட்டத்திலேயே அடித்துவிட முடியாதா தம்பி?" என்று அவர் கேட்டதன் விளைவுதான் இந்த எடிட்டர்.

டேட்டாடேபிள்ஸ் என்பது வலைப்பக்க அட்டவணைகளுக்குத் தேடல், வரிசைப்படுத்தல் போன்றவற்றைத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்; எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது. எடிட்டர் அதன் மேல் அமரும் கட்டண நீட்சி. ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அதுவே உள்ளீட்டுப் பெட்டியாகிறது. எண்டர் தட்டினால் மதிப்பு சர்வருக்குப் போகிறது. சர்வரில் நிரல் எழுதப் பயன்படும் பிஎச்பி, நோட் ஜேஎஸ், டாட்நெட் மூன்றுக்கும் சர்வர் பக்க நூலகம் தருகிறார்கள். பிஎச்பியில் அட்டவணைப் பெயரையும் புலங்களையும் (விலை, பெயர் போன்ற நெடுவரிசைகளை) எழுதி, ஒவ்வொரு புலத்துக்கும் சரிபார்ப்பு வைத்தால் படிப்பது, எழுதுவது இரண்டும் முடிந்தது. எனக்கு ஒரு பிற்பகல்தான் பிடித்தது.

61,000 வரிகளை மொத்தமாக இறக்கினால் கடையின் பழைய கணினி மூச்சு வாங்கியது. அதனால் பட்டியலைத் துண்டு துண்டாக சர்வரிடமிருந்து வாங்கும் சர்வர் சைடு ப்ராசஸிங்கை இயக்கினேன். உலாவி இப்போது 50 வரிகளை மட்டும் கேட்டு வாங்கும். தேடல், வரிசைப்படுத்தல், பக்கம் பிரித்தல் எல்லாம் தரவுத்தளத்தின் வேலை. பட்டியல் சட்டென்று வந்தது. நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அக்காவின் அழைப்பு: "தம்பி, நான் போட்ட விலையைக் காணோமே."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலை விலையின் ஏறுவரிசையில் வைத்திருந்தார். ஒரு கிளட்ச் கேபிளின் விலை 185. அதை 240 ஆக்கி எண்டர் தட்டினார். விலை சேமிக்கப்பட்டது. உடனே உலாவி அதே பக்கத்தை மறுபடி சர்வரிடம் கேட்டது. 240 ரூபாய்ப் பொருளுக்கு அந்தப் பக்கத்தில் இடம் இல்லை; பல பக்கங்கள் தள்ளிப் போய்விட்டது. கீழே இருந்த, அதே 185 ரூபாய் பிரேக் கேபிள் ஒரு படி ஏறி அதே இடத்தில் வந்து நின்றது. அக்கா பார்த்தது: நான் 240 அடித்தேன், இன்னும் 185 என்றே இருக்கிறது. மறுபடி 240 அடித்தார். இப்படி நான்கு பொருள்களுக்குத் தவறான விலை ஏறி, அதில் ஒன்றுக்கு பில்லும் போட்டாகிவிட்டது.

குற்றம் என்னுடையது. அமைப்புகளைத் தொடாமல் அப்படியே கொடுத்துவிட்டேன். திருத்தத்துக்குப் பின் அட்டவணையை எப்படி மறுபடி வரைவது என்பதற்கு 'ட்ரா டைப்' என்று ஒரு விருப்பம் உண்டு. அதில் 'பேஜ்', 'ஃபுல் ஹோல்டு' போன்றவை எனக்கு உதவவில்லை. வரிசைப்படுத்துவது சர்வர் என்பதால் மறுபடி கேட்டாலே வரி இடம் மாறிவிடும். 'நன்' (மறுபடி வரையவே வேண்டாம்) என்று வைத்த பிறகுதான், திருத்திய வரி இருந்த இடத்திலேயே புது விலையோடு நின்றது. இதற்கும் ஒரு விலை உண்டு: பக்கத்து மேசையில் இன்னொருவர் மாற்றியது தானாகத் தெரியாது. 'புதுப்பி' என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது கண்ணி இன்னும் சத்தமில்லாதது. கட்டத்தில் அடித்துவிட்டு எண்டர் தட்டாமல் வேறெங்கோ சொடுக்கினால், இயல்பு அமைப்பில் அடித்தது வீணாகும். எச்சரிக்கை எதுவும் வராது. கட்டத்தை விட்டு வெளியேறினால் என்ன செய்வது என்று சொல்லும் 'ஆன் ப்ளர்' விருப்பத்தை 'சப்மிட்' என்று மாற்றினால் சேமித்துவிடும். எக்செல் பழகிய கைக்கு இதுதான் வேண்டும்.

கட்டத்திலேயே திருத்தும்போது மாறிய புலம் மட்டுமே சர்வருக்குப் போகும். இருவர் ஒரே வரியில் வேறு வேறு கட்டங்களை மாற்றினாலும் ஒருவர் வேலையை மற்றவர் அழிக்க மாட்டார். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் விற்பனை விலை கொள்முதல் விலைக்குக் கீழே போகக் கூடாது என்று சரிபார்க்க நினைத்தபோது, கொள்முதல் விலை வந்துசேரவே இல்லை. அதைச் சரிபார்ப்புக்குள் தரவுத்தளத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். உலாவியிலிருந்து வரும் கொள்முதல் விலையை எதற்கு நம்ப வேண்டும்? அந்தப் புலத்தை சர்வர் பக்கத்தில் 'எழுதாதே' என்றும் குறித்துவிடுங்கள். திரையில் திருத்த முடியாதபடி வைப்பது மட்டும் போதாது. கோரிக்கையைக் கையால் தயாரித்து அனுப்பினால் நூலகம் எழுதிவிடும். பிழைச் செய்தி தமிழிலேயே, அந்தக் கட்டத்துக்குக் கீழேயே வருகிறது. அக்காவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

தேடல் சுமார்தான். தேடும் சொல்லின் இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு 'லைக்' வினவல் (சொல் எந்த இடத்தில் வந்தாலும் தேடு என்ற கட்டளை) போவதால், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வேகமாகத் தேட வைத்திருக்கும் வழக்கமான இண்டெக்ஸ் பயன்படுவதில்லை. சர்வர் சைடு முறையில் இயல்பாக 400 மில்லி விநாடி பொறுத்துத்தான் தேடல் கிளம்பும். நிதானமாகத் தட்டச்சு செய்பவருக்கு அதுவும் போதாது. எண்டர் தட்டினால் மட்டும் தேடும்படி மாற்றிவிட்டேன்.

உங்கள் பட்டியல் மூவாயிரம், நான்காயிரம் வரிகள்தான் என்றால் சர்வர் சைடு பக்கமே போகாதீர்கள். எடிட்டரை மட்டும் வாங்குங்கள், மேலே சொன்ன தொல்லைகளில் பாதி வராது. ரியாக்ட் என்ற புதிய பாணி நூலகத்தில் எழுதுகிறவர்களுக்கு, ஜேகுவரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் நிற்கும் இதைக் கட்டி இழுக்கச் சொல்ல மாட்டேன். பழைய பிஎச்பி மென்பொருளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

கடை முதலாளி கைப்பேசியிலும் கட்டத்தைத் தொட்டுத் திருத்த ஆசைப்பட்டார். அந்தச் சிறிய திரையில் விரல் பக்கத்துக் கட்டத்தில்தான் படுகிறது. அவருக்கு மட்டும் எடிட்டரின் வழக்கமான படிவச் சாளரத்தைத் திறக்கும்படி வைத்திருக்கிறேன்.