பொலோனியாவில் அறை, ராவென்னாவில் வகுப்பு

தஞ்சாவூரில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் மரியாதையானவர்கள். கட்டணம் 60,000 ரூபாய். மன்னார்குடியிலிருந்து ஆறு முறை பஸ் ஏறிப் போய்வந்தேன்.

வேதியியல் முடித்த என் மகளுக்கு, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் முதுகலைப் படிப்பு, இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில். 1088-இல் தொடங்கியது என்பார்கள். நம் பெரிய கோயிலுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு.

விண்ணப்பம், சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை, விசா எதிலும் குறையில்லை. கோட்டை விட்டது தங்குமிடத்தில். விசாவுக்குச் சான்று வேண்டுமென்று பொலோனியாவில் அறை பிடித்து, இரண்டு மாத வாடகையையும் முன்கூட்டியே கட்டவைத்தார்கள். இந்தப் படிப்பு நடப்பதோ ராவென்னா வளாகத்தில்! ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாகப்பட்டினத்தில் வகுப்பு, தஞ்சாவூரில் அறை என்றால் எப்படி? சேர்க்கைக் கடிதத்திலேயே ராவென்னா என்று இருந்தது. அது பொலோனியாவில் ஒரு பேட்டை என்று நாங்களும் நினைத்துவிட்டோம், அது எங்கள் தவறு. காசு வாங்கியவர்களுக்குமா தெரியாது? போனில் கேட்டால், "இரண்டும் ஒரே யுனிவர்சிட்டிதானே சார்" என்கிறார்கள்.

அந்த வட்டாரத்தின் 'எர்கோ' அமைப்பு, குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்து உதவித்தொகை தருகிறது. கிடைத்தால் கல்விக் கட்டணமும் இல்லை. இதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் மூச்சுவிடவில்லை, மகளே தேடிப் பிடித்தாள். வருமானச் சான்று, டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்த தொகை, வீட்டின் பரப்பு, எல்லாவற்றுக்கும் இத்தாலிய மொழிபெயர்ப்பு. கிராம நிர்வாக அலுவலராக முப்பது ஆண்டு ஊருக்கெல்லாம் வருமானச் சான்றுக்குப் பரிந்துரை எழுதியவன், இ-சேவை மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். குழிக் கணக்கும் மா கணக்கும் பழகிய கை, திண்ணையிலிருந்து கொல்லைவரை டேப் பிடித்துச் சதுர மீட்டர் போட்டது. உதவித்தொகை கிடைத்துவிட்டது.

மகள் இப்போது ராவென்னாவிலேயே இருக்கிறாள். 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயத்தின் மொசைக்கை வீடியோவில் காட்டினாள். விரல் நகமளவு கண்ணாடித் துண்டுகள், சிலவற்றுக்குள் தங்கத் தகடு. அவள் அம்மா தஞ்சாவூர் ஓவியம் போல் இருக்கிறதென்றாள்.

வீணான வாடகையைக் கேட்டு ரசீதோடு இரண்டு கடிதம் எழுதினேன். ஒரு மாதத் தொகை வந்திருக்கிறது. மூன்றாவது கடிதம் நாளைத் தபாலில் போகிறது.