ஃபேமிலிசர்ச்: பழைய அமெரிக்கப் பத்திரங்களும் உயில்களும் தேடக் கட்டணமில்லாத தளம்

அக்கா மகன் கட்டியிருப்பது அமெரிக்கப் பெண்ணை. அவளுடைய முன்னோர் வட கரோலினாக்காரர்கள், அவர்களைத் தேடிக் கொடுக்கிற வேலை நாகர்கோவிலில் இருக்கும் என்னிடம் வந்தது. மோர்மன் சபையார் நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில்தான் தேடினேன், கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது.

சென்சஸை மட்டும் நம்பினால் 1850-க்கு முன்னால் வழி அடைத்துவிடும். 1790 முதல் 1840 வரையான கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மனைவி மக்களெல்லாம் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்று எழுதத் தொடங்கியதே 1880-இல்தான், அடுத்த 1890 கணக்கோ 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் போய்விட்டது.

அதனால்தான் 2024-இல் இந்தத் தளத்தில் வந்த முழு உரைத் தேடல் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. கையால் எழுதிய பத்திரத்தையும் உயிலையும் கணினியே வாசித்து வைத்திருப்பதால், விற்றவர் வாங்கியவர் மட்டுமல்ல, சாட்சி போட்டவரும் பக்கத்து நிலத்துக்காரரும்கூட அகப்படுகிறார்கள். ஒரு பத்திரத்தில் எல்லை ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை ‘போல்’ (pole என்ற பழைய நீள அளவு, ஒன்று 16½ அடி) போய், மாமனார் நிலத்தைத் தொட்டுத் திரும்புகிறது. கடைசியில், மனைவியைக் கணவர் இல்லாமல் தனியே விசாரித்ததாகவும் அவள் சம்மதித்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். நம்மூர்ப் பிரமாணங்களில் (பத்திரங்களில்) நான்கெல்லை பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

உயில்களை வாசிக்கும்போதுதான் மனசு கனத்துப்போகிறது. கட்டில், குதிரை, பசுவோடு சேர்த்து அடிமைகளையும் பெயர் சொல்லி, மகனுக்கு இவர், மகளுக்கு இவர் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். 1850, 1860 அடிமைக் கணக்குகளில் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமும்தான், பெயர் கிடையாது. அவர்களுடைய சந்ததியாருக்கு இந்த உயில்கள்தான் பிடிமானம், ஆகவே கண்ணில் படும் அந்தப் பெயர்களையும் தயவுசெய்து குறித்து வையுங்கள்.

கணினி வாசித்ததை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய காலத்து நீண்ட எஸ் பார்க்க எஃப் போலவே இருக்கும், ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மாறிவிடும். பக்கத்திலேயே மூலப் படம் இருக்கிறது, ஒத்துப் பாருங்கள். சில படங்கள் ஃபேமிலிசர்ச்சின் மையங்களுக்கு நேரில் போனால்தான் திறக்கும்.

நம்ம மாவட்டத்துப் பழைய பத்திரங்களுக்கு இந்த வழி போதாது. தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னால் திருவிதாங்கூரில் எழுதியவை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அப்புறம், அவற்றில் இருக்கும் கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டை) ஆங்கில ஆண்டாக மாற்றும்போது ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டுங்கள்.