கிணற்று மோட்டாருக்கு வயர் ரெண்டரையா, நாலா, அலுமினியம் ஆறா?

திசையன்விளை, நாங்குநேரி பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுமேடு 80 மீட்டர். 1.5 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கிறது. "ரெண்டரை ஸ்கொயர் செம்பே தாங்கும்" என்பார்கள். (ஸ்கொயர் என்பது வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.) சூடு தாங்குவது உண்மைதான். ஆனால் மோட்டாருக்கு வந்து சேரும் வோல்டேஜ் வேறு கணக்கு.

பலரும் தவறுவது நீளத்தில். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 160 மீட்டர் என்று வையுங்கள். 20 டிகிரியில் 2.5 ஸ்கொயர் செம்பின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 160 மீட்டருக்கு 1.19 ஓம். 10 ஆம்பியரால் பெருக்கினால் 11.9 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. வயரில் வீணாகும் பவர் 119 வாட். 4 ஸ்கொயரில் தடை 0.74 ஓம், இறக்கம் 7.4 வோல்ட், இழப்பு 74 வாட். சித்திரை வெயிலில் வயர் 50 டிகிரிக்குப் போனால் தடை சுமார் 12 சதவீதம் கூடும். ரெண்டரையின் இறக்கம் 13.3 ஆகும். வழக்கமாகப் பொறுக்கும் இறக்கமோ 230 வோல்ட் சப்ளையில் 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட்தான்.

இழப்பைக் கணக்கிட 230-ஐ வர்க்கமாக்கி 1.19-ஆல் வகுத்துவிடாதீர்கள், 44,000 வாட் என்று வரும். வயரின் இரு முனைக்கு நடுவே விழுவது 11.9 வோல்ட்தான், அதைத்தான் வர்க்கமாக்க வேண்டும்.

45 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் ஓடினாலும் மாதம் ஐந்தரை யூனிட்டுக்குள் அடங்கும். அதற்காக மட்டும் நாலு ஸ்கொயர் வாங்கச் சொல்ல மாட்டோம். ஸ்டார்ட் ஆகும் நொடிதான் காரணம். முழு 230-இல் அந்த மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும் என்றால், அப்போது அதன் மின் எதிர்ப்பு 4.6 ஓம். ரெண்டரை வயரின் 1.19-ஐக் கூட்டினால் 5.79; கரண்ட் சுமார் 40 ஆம்பியர், மோட்டார் முனையில் 183 வோல்ட். மோட்டாரைச் சுழற்றும் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் 63 சதவீதமே மிஞ்சும். நாலு ஸ்கொயரில் 198 வோல்ட், 74 சதவீதம். (ஏசி மோட்டாரில் வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் எண் சற்று மாறும், வரிசை மாறாது.) சாயங்காலம் லைனே 200-க்கு இறங்கினால், ரெண்டரையில் மோட்டார் சுழலாமல் உறுமி நிற்கலாம். அப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) கருகும்.

அலுமினியம் 6 ஸ்கொயரின் தடையும் கிலோமீட்டருக்கு 4.61 ஓம், செம்பு நாலுக்குச் சமம், விலையும் குறைவு. தடுமாறுவது இணைப்பில். அலுமினியத்தின் மேல் சீக்கிரம் ஆக்சைடு படியும், திருகு இறுக்கம் தளரும். ஒரே இணைப்பில் 0.2 ஓம் ஏறினால் 10 ஆம்பியரில் 20 வாட் சூடு; சின்ன சால்டரிங் அயர்ன் வேலை செய்கிற அளவு, அதுவும் திருகு முனைக்குள். செம்போடு முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள இணைப்பு முனை) போட்டு, அதை வயரோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் டூலால் அழுத்த ஆள் இருந்தால் அலுமினியம் எடுங்கள். இல்லையென்றால் செம்பு நாலு.

போட்ட பிறகு, மோட்டார் ஓடும்போதே மீட்டர் பெட்டியிலும் மோட்டார் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். நாலு ஸ்கொயரில் 8 வோல்ட் குறைந்தால் சரி. 18 குறைந்தால், மிச்ச 10 வோல்ட் ஏதோ இணைப்பில் 100 வாட்டாக எரிகிறது. மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு முனையாகக் கழற்றிப் பாருங்கள். நிறம் மாறி, உறை இளகியிருப்பதுதான் அந்தப் பழுதான இணைப்பு.