கீழே சொட்டு இல்லை, பாட்டிலில் கூலன்ட் குறைகிறது: அட்டையா, பம்பா, சாயமா?

பழைய காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குபுகுபுவென்று ஒழுகினால் கவலையே இல்லை. பானெட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் என்று குறைகிறதே, அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். என் 2008 மாடல் பெட்ரோல் காரில் அப்படித்தான் குறைந்தது. அல்சூர் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், "லேசாத்தான் குறையுது சார், தண்ணி ஊத்தி ஓட்டுங்க" என்றார்கள். ஐந்து மாதம் ஊற்றி ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் சேலத்திலிருந்து பெங்களூரு திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போனது. பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். இன்ஜின் ஆறும்வரை ஓரமாக நின்றோம். இனி ஊற்றுவதில்லை, கண்டுபிடித்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தண்ணீர் ஊற்றி ஓட்டுவதில் இருக்கும் பெரிய கேடு, அது தடயத்தை அழித்துவிடுகிறது. கூலன்ட் கசிந்து காய்ந்தால் பச்சையாகவோ ரோஸாகவோ ஒரு பொருக்கு நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை கிடைக்கும். வெறும் தண்ணீர் அப்படி நிறம் விடாது. பெங்களூரில் பாதிப் பேர் வீட்டில் வருவது போர் தண்ணீர். அது காய்ந்தால் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை உப்பு. எது புதுக் கசிவு, எது பழைய கறை என்று பிரிக்கவே முடியாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

காசே செலவில்லாதது அட்டையும் டேப்பும். ரிசர்வ் பாட்டிலில் இப்போதைய மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி, தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். சூட்டில் கூலன்ட் விரிந்து பாட்டிலுக்கு வரும், ஆறினால் ரேடியேட்டருக்குத் திரும்பிப் போகும். காலையில் ஒருநாள், மாலையில் ஒருநாள் என்று பார்த்தால் கணக்கு குழம்பும். இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கலாம். ஏசி தண்ணீரைக் கண்டு ஏமாறாதீர்கள். அது நிறமோ வாடையோ இல்லாமல் இருக்கும், விரலில் வழுக்காது. கூலன்ட் வழுக்கும், லேசாக இனித்த வாடை அடிக்கும். நுனி நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். பார்க்கிங்கில் படுக்கும் தெருநாய் அந்த இனிப்புக்காக நக்கினால் சிறுநீரகம் போய்விடும். அட்டையில் சொட்டு விழுந்திருந்தால் உடனே எடுத்து அப்புறப்படுத்தி, தரையைக் கழுவிவிடுங்கள்.

அட்டையும் டேப்பும் சொல்வது எவ்வளவு என்பதைத்தான், எங்கே என்பதை அல்ல. என் அட்டை மூன்று வாரமும் காய்ந்தே கிடந்தது. ஆனால் டேப் மட்டத்துக்குக் கீழே இரண்டு விரல் குறைந்திருந்தது. அப்படியென்றால் ஒன்று ஓடும்போது, சூட்டில் மட்டும் கசிந்து அங்கேயே ஆவியாகிறது. இல்லை, இன்ஜினுக்குள்ளே போகிறது.

அடுத்தது பிரஷர் பம்ப். சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடிப்பது, அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீட்டர் அதில் இருக்கும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் இதைப் பூட்டி, மூடியில் எந்த எண் போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். என்னுடையது 0.9 பார் (பார் என்பது அழுத்த அளவு). அதற்கு மேல் அடித்தால் நல்ல ஓஸும் போகும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. இன்ஜின் ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை, கை சுடாது. டார்ச் அடித்து நிதானமாகத் தேடலாம்.

ஓசூரில் இருக்கும் என் மச்சான் காரில் பம்ப் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தது. இன்ஜினில் கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும். அங்கே பாசிமணி போலத் துளி திரண்டு நின்றதை இருவரும் பார்த்தோம். டிசம்பர் குளிரில் ரப்பர் சுருங்கி, கிளாம்ப் பிடி தளர்ந்து, காலையில் மட்டும் கசியும் ஓஸையும் இது பிடித்துவிடும்.

என் காரில் முள் அசையவே இல்லை. இங்கேதான் பம்பின் குறை. சில விரிசல்கள் சூட்டில் பிளாஸ்டிக் விரிந்தால்தான் வாய் திறக்கும். இன்னொன்று, பம்ப் பூட்டும்போது மூடியைக் கழற்றிவிடுகிறோம், அதனால் மூடியே பழுது என்றால் தெரியாது. மூடியைத் தனியாக ஒரு அடாப்டரில் மாட்டிச் சோதிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி அழுத்தம் பிடித்தால்தான் அது 117 டிகிரி வரை தள்ளிப் போகும். மூடியின் ரப்பர் கல்லாகிப் போயிருந்தால் ஓட்டை எதுவுமே இல்லாமல் கூலன்ட் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம்தான் சாயத்துக்கு வந்தேன். புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம் அது. கூலன்டுக்கு என்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள், ஏசிக்கு, ஆயிலுக்கு என்று வேறு வேறு உண்டு. டப்பாவில் சொன்ன அளவு ஊற்றி, இன்ஜின் பக்கத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, நாலைந்து நாள் வழக்கம்போல ஓட்டினேன். ஆபீஸ், சில்க் போர்டு நெரிசல், ஒருநாள் ஓசூர் போய்வந்தது. பிறகு இரவு பத்து மணிக்குக் கீழ்த்தள பார்க்கிங்கில் விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் கண்ணாடி போட்டு புற ஊதா டார்ச் அடித்தேன். ஃபேன் கூண்டில் பச்சை மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அங்கே நின்றுவிடக் கூடாது. கசிவு கீழே வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தெளிக்கும். ஒளிர்வதிலேயே மேலே எது, முன்னால் எது என்று தேடிப் போக வேண்டும். போனேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்கில், பெரிய ஓஸ் நுழையும் கழுத்தடியில், தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. பகலில் பத்து முறை பார்த்த இடம் அது.

சாயத்தின் குறை காத்திருப்புதான். சூடேறினால் மட்டும் கசிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் போகும் வண்டியில் இரண்டு நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) கசிந்தாலும் டார்ச்சுக்கு எட்டாது. அதற்கு முன்சீட்டின் காலடி விரிப்பைத் தொட்டுப் பாருங்கள், காரின் முன் கண்ணாடி உள்ளே பிசுபிசுவென்று பனிக்கிறதா என்று கவனியுங்கள்.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் இருந்தால் மட்டும் கேஸ் சோதனை. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஓஸ் கல்லு மாதிரி இறுகினாலோ, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ நேராக இதற்கே போகலாம். ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் போல இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். தினம் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும்.

பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதும், கசிவை அடைக்கும் மருந்து ஊற்றுவதும் என் கணக்கில் சோதனையே இல்லை. லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நடுக்காட்டில் நின்றுவிட்டால் ஊர் போய்ச் சேர. நகரத்தில் ஓட்டும் காரில் அதையே வைத்தியமாக்கினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் ஹீட்டர் கோரும் சேர்ந்தே அடைக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் டேப், உடனே பம்ப், முள் நின்றால் சாயம். பம்பை முன்னால் வைப்பது அது எதையும் ஊற்றச் சொல்வதில்லை, கால் மணி நேரத்தில் முடிகிறது என்பதற்காக.

விரிசலை எபாக்ஸி போட்டு ஒட்டித் தருகிறேன் என்றார் மெக்கானிக். சூட்டில் விரிந்து சுருங்கும் இடத்தில் ஒட்டு எவ்வளவு நாள் நிற்கும்? ஜேசி ரோட்டில் புது ரேடியேட்டர் வாங்கி மாட்டி, டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊற்றி, காற்றை வெளியேற்றினோம். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் மறுபடி பம்பை மாட்டச் சொன்னேன். அரை மணி நேரம் முள் 0.9-லேயே நின்றது. அதற்குப் பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன்.