நீலத் தண்ணீரில் இருக்கும் ஃபைட்டரை வாங்காதீர்கள்

முதல் முறையாக ஃபைட்டர் (பெட்டா என்கிற வண்ண மீன்) வாங்கப் போகிறவர்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் பக்கம் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையைத் தாண்டிப் போய், அடுத்த கடையில் அதே வசனத்தைக் கேட்டுவிட்டு வாங்கி வருவீர்கள். அதனால் வசனத்தையே எழுதிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: கொளத்தூர், சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். கடைகள் ஒரு பக்கம் இருக்க, வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி வைத்து மீன் பொரிக்க விட்டு விற்பவர்களும் அங்கே நிறைய. நல்ல மீனும் அங்கேதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் போனது மே மாதம், பள்ளி விடுமுறையில், மகளோடு. கடை வாசலில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் ஃபைட்டர். எல்லா டப்பாவிலும் தண்ணீர் நல்ல நீலம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்:

“பாப்பாவுக்கா சார்? அப்ப கண்ண மூடிக்கிட்டு ஃபைட்டர் எடுங்க. சாகாத மீன் சார் இது. ஃபில்டர் வேணாம், மோட்டார் வேணாம். சும்மா ஒரு பவுல் போதும். தாய்லாந்துல குட்டையில கெடக்குற மீன், எந்தத் தண்ணியிலயும் தாங்கும். வாரத்துக்கு ஒரு வாட்டி மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு கேன் தண்ணி ஊத்துங்க. அவ்ளோதான்.”

பிறகு செட் வந்தது. மூன்று லிட்டர் பிடிக்கும் கண்ணாடி பவுல், ஊதா நிறக் கல், பிளாஸ்டிக் செடி, லேபிளே இல்லாத வெள்ளை பாட்டிலில் ‘பாக்டீரியா’, ஜிப் கவரில் தேதி கிடையாத தீனி, ஒரு சின்ன பாட்டில் நீல மருந்து, 50 வாட் ஹீட்டர். மீன் தனியாக 450 ரூபாய், ‘ஹாஃப்மூன்’ வகை என்று சொல்லி. எல்லாம் சேர்த்து 1,900 ரூபாயைத் தாண்டியது. “ஜோடியா எடுங்க சார், பொண்ணு மீன் நூறு ரூபாதான்” என்று வேறு கேட்டார். ஆணையும் பெண்ணையும் ஒரே பவுலில் விட்டால் ஆண் அதைக் கடித்துக் குதறிவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

மே மாதச் சென்னையில் ஹீட்டர்! இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. கோடையில் நம் வீட்டுத் தண்ணீர் சும்மா இருந்தாலே 30 டிகிரிக்குப் போகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு ஹீட்டர் கட்டாயம் வேண்டும். இங்கே மார்கழிக் குளிரில் சில இரவுகளுக்கு உதவலாம். மூன்று லிட்டர் பவுலில் 50 வாட் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றே அதைக் கேட்டேன். “வின்டர்ல கேப்பீங்க சார், அப்ப ஸ்டாக் இருக்காது” என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அவர் சொன்ன மற்றவற்றில் பாதி உண்மை இருந்தது. ஆபத்து அந்தப் பாதி உண்மையில்தான் இருக்கிறது. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்கிற தனி உறுப்பு உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேராக வாங்கிக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மற்ற மீன்கள் சாகும் இடத்தில் இது பிழைத்துக்கிடக்கும். சின்ன டப்பாவில் அடைத்து விற்க முடிவதே இதனால்தான். ஆனால் மூச்சு விடுவது வேறு, விஷத்தில் கிடப்பது வேறு. மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் அம்மோனியா லேபிரிந்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்குவதில்லை. வெப்பமும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் அளவும் ஏற ஏற அதன் நச்சு கூடும். ஃபில்டர் இல்லாத மூன்று லிட்டரில், கோடை வெயிலில், அது எவ்வளவு சீக்கிரம் சேரும்!

குட்டைக் கதையும் அப்படித்தான். தாய்லாந்தின் நடுப்பகுதியில் நெல் வயல், சதுப்பு, வாய்க்கால் இவைதான் இதன் சொந்த இடம். அங்கே ஆழம் குறைவு, ஆனால் பரப்பு பெரிது. செடிகள் அடர்ந்திருக்கும். 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. மூன்று லிட்டர் பவுலுக்கு அந்த வயலைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம்.

இனி நீலத் தண்ணீர். அந்த நிறம் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சை வராமல் இருக்கவும், மீனை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும்போதும் போடுகிற பழைய மருந்து. கடையில் அது இருப்பது குற்றம் கிடையாது. குற்றம், மீனை அந்தத் தண்ணீரிலேயே காட்டி அந்தத் தண்ணீரிலேயே கட்டிக் கொடுப்பது. நீலத்துக்குள் சிவப்பு மீன் கருஞ்சிவப்பாக, பளபளப்பாகத் தெரியும். வால் ஓரம் அரித்திருப்பது தெரியாது. உடம்பில் வெள்ளைப் பொட்டு இருந்தாலும் தெரியாது. “வேற தண்ணியில விட்டுக் காட்டுங்களேன்” என்று கேட்டதற்கு, “தண்ணி மாத்துனா ஷாக் ஆயிடும் சார்” என்று பதில் வந்தது. வாரம் ஒரு முறை மொத்தத் தண்ணீரையும் மாற்றச் சொன்ன அதே வாய்!

வீட்டில் தெளிந்த தண்ணீருக்கு வந்ததும் எல்லாம் வெளிச்சமானது. வால் முனைகள் பிய்ந்து, ஓரம் கறுத்துப் போயிருந்தது. துடுப்பு அழுகல், அதுவும் புதிதாக வந்தது மாதிரி இல்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்தே கிடந்தது. கண்ணாடி காட்டினால் ஹாஃப்மூனின் வால் 180 டிகிரி விரிந்து அரைவட்டமாக நிற்க வேண்டும். இது விரிக்கவே இல்லை. தீனியைத் தொடவும் இல்லை. மீன் பழக்கம் உள்ள நண்பர் வந்து சோதனைக் கிட்டில் பவுல் தண்ணீரைப் பார்த்தார். மஞ்சளாக நிற்க வேண்டிய அம்மோனியா சோதனை கரும்பச்சைக்குப் போனது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர் என்பதால் தாது உப்பு மிகக் குறைவு, பிஹெச் நிலையாக நிற்காது என்பதையும் அவர்தான் சொன்னார். தண்ணீரைப் பாதிப் பாதியாக மாற்றி, தனியாக வைத்து மருந்து கொடுத்தும் மீன் தேறவில்லை. அந்த வாரமே போய்விட்டது.

கடைக்குத் திரும்பிப் போனோம். போட்டோக்கள் எல்லாம் கையில். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“என்ன தண்ணி சார் ஊத்துனீங்க?”

“நீங்க சொன்ன கேன் தண்ணி.”

“ஃபைட்டருக்கு யாராவது கேன் தண்ணி ஊத்துவாங்களா? யாரு சார் சொன்னா?”

“நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொல்லிருக்க மாட்டேன். பையன் எவனாவது சொல்லிருப்பான். எந்த மீனா இருந்தாலும் தண்ணி செட் ஆவணும் சார். உங்க தண்ணி சரியில்ல.”

விற்கும்போது எந்தத் தண்ணீரிலும் தாங்கும் மீன், செத்த பிறகு தண்ணீர் சரியில்லாததால் செத்த மீன். இந்த இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்ல முடிகிறது பாருங்கள், வியாபாரமே அதில்தான் ஓடுகிறது. முதல் மீன் செத்தால் வாங்கியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார், அடுத்த மீனுக்கும் பெரிய பாட்டில் மருந்துக்கும் திரும்பி வருவார். என்னிடமும் அதுதான் சொன்னார்: “இன்னொரு மீன் எடுத்துக்கோங்க, அம்பது ரூபா கம்மி பண்ணிக்கலாம்.”

பில்? துண்டுச் சீட்டில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிக் கூட்டிப் போட்ட கணக்கு. கடைப் பெயர் இல்லை. ஜிபேயில் பணம் போன பெயரும் கடைப் பலகையில் இருந்த பெயரும் வேறு வேறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிந்துவிட்டு, அதைச் சொல்லி, பிரிக்காத ஹீட்டரையும் அந்த மர்ம பாட்டிலையும் திருப்பிக் கொடுத்தேன். அதற்கான பணம் மட்டும் வந்தது. மீனுக்கு ஒரு பைசா வரவில்லை. உயிருள்ள மீனுக்கு கேரன்டி கிடையாது என்று ஒரே பிடி. கடைப் பெயர் போட்ட பில்லை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், தராத கடையில் தீனி பாக்கெட்கூட வாங்காதீர்கள்.

சரி, செட்டுக்குப் பதில் என்ன வாங்குவது?

செவ்வகத் தொட்டி, குறைந்தது 15 லிட்டர், முடிந்தால் 20. மேலே மூடி கட்டாயம், ஃபைட்டர் நன்றாகத் துள்ளும். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், காற்றைக் குறைக்க ஒரு வால்வு. இதெல்லாம் சேர்ந்தாலும் நான் வாங்கிய செட்டை விடக் குறைவாகத்தான் ஆனது. நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும், நீண்ட துடுப்பை இழுத்துக்கொண்டு எதிர்நீச்சல் போட அதனால் முடியாது. பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மாதிரி வெளிச்சம் அதிகம் கேட்காத உயிர்ச்செடி போதும்.

தொட்டியை நிரப்பியதும் மீனை விட்டுவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் கடைகள் நம் அவசரத்தைக் காசாக்குகின்றன. ஃபில்டர் ஸ்பான்ஜில் இரண்டு வகைப் பாக்டீரியா குடியேற வேண்டும். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், மற்றொன்று அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கும். மீன் பிரியர்கள் இதைத் தொட்டி ‘சைக்கிள்’ ஆவது என்பார்கள். மீன் இல்லாமல், தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு ஓடவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் துண்டு கிடைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தொட்டி தயார். மெத்திலீன் ப்ளூவை மட்டும் இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். வளர்த்த பாக்டீரியாவை அது கெடுத்துவிடும். என்னிடம் பாக்டீரியா பாட்டிலையும் நீல மருந்தையும் ஒரே பையில் போட்டு, இரண்டையும் ஒரே பவுலில் ஊற்றச் சொன்னார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஒரு பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், குளோரமின் என்கிற, எளிதில் ஆவியாகாத கிருமிநாசினி போட்டிருந்தால் போகாது. அதனால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கைவசம் இருப்பது நல்லது, விலையும் கொஞ்சம்தான். போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் அதோடு பாதி ஆர்ஓ கலக்கலாம். சைக்கிள் ஆன தொட்டியில் வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பான்ஜைக் குழாயடியில் பிடித்து அலசாமல், எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

மீன் எடுக்கும்போது: வெள்ளை மக்கில் தெளிந்த தண்ணீரில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பொன்தூள் தூவினதுபோல் மினுங்கினால் வெல்வெட் நோய். செதில்கள் தூக்கிக்கொண்டு வயிறு ஊதியிருந்தால் தொடவே வேண்டாம். விரலைக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு தீனி உருண்டை போட்டால் பாய்ந்து எடுக்க வேண்டும். காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வாங்கிய, ‘கோய்’ என்கிற திட்டுத்திட்டு நிற வகை ஃபைட்டர் சில மாதத்தில் வெள்ளை போய்க் கருநீலமாகிவிட்டது. சாயம் பூசி விற்றுவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். அது ஏமாற்று இல்லை. கோய், மார்பிள் வகைகளின் மரபணு அப்படி, வாழ்நாள் முழுக்க நிறம் மாறிக்கொண்டே இருக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லாத கடைக்காரர் சோம்பேறி, திருடர் இல்லை.

தொட்டி தயாரானதும் அதே பகுதியில் மாடியில் மீன் வளர்க்கும் ஒருவரிடம் வாங்கினோம். கேட்கும் முன்பே மக்கில் ஊற்றிக் காட்டினார். எந்த மாதம் பொரித்தது, என்ன தீனி போட்டார், என்ன தண்ணீர் என்று எல்லாம் சொன்னார். “தொட்டி சைக்கிள் ஆயிடுச்சா? இல்லன்னா அடுத்த மாசம் வாங்க சார், மீன் எங்கயும் போவாது” என்றார். விலை 200 ரூபாய்.

கடைசியாக அந்த ‘கேட்டப்பா இலை’ பாக்கெட். ஃபைட்டருக்கு நல்லது என்று பத்து இலையை நூறு ரூபாய் சொல்வார்கள். இலை நல்லதுதான், அதிலிருந்து இறங்கும் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி பிஹெச்சைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் அது நம் தெருவோரத்து பாதாம் மர இலை. பூச்சி மருந்து அடிக்காத இடத்தில், தானாகப் பழுத்துக் காய்ந்து விழுந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவிவிட்டுப் போடுங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள்.