எச்.ஐ.வி. வரைபடம்: எய்ட்ஸ்வியூவா, அட்லஸ்பிளஸ்ஸா?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆட்களை அழைத்துவரும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளிலேயே, எந்தப் பகுதியில் தொற்று எவ்வளவு என்று நிறத்தின் அடர்த்தியால் காட்டும் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டிப் பேசுவது எங்கள் வழக்கம். எந்த வரைபடம் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொஞ்ச நாள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எய்ட்ஸ்வியூ என்ற இணைய வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஐ.நா.வின் யு.என்.எய்ட்ஸ் அமைப்பு நடத்தும் எய்ட்ஸ்இன்ஃபோவை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். நாடுகளை ஒப்பிட அதைவிட நல்லது இல்லை. ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினியில் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தொற்றுடன் வாழ்கிறார் என்பது அதைத் திறந்தவுடன் கண்ணில் படும். ஆனால் அது தரும் சதவீதம், பரிசோதனை செய்துகொள்ளாதவர்களையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. அமெரிக்க வரைபடங்களில் இருப்பதோ பரிசோதனையில் தெரியவந்தவர்கள், அதுவும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற கணக்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அட்லஸ்பிளஸ் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நடத்துவது. எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ், ஹெபடைடிஸ், காசநோய் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அட்டவணையாக இறக்கிக்கொள்வதும் சுலபம். அறிக்கை எழுதுபவர் என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அது நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டியோடு நின்றுவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு விஷயம்தான். ஃபுல்டன் கவுண்டி வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 70 மைல் நீளம். வடக்கு முனையில் ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும், வசதியான பகுதி. கீழே அட்லாண்டா நகரின் மையம், தென்மேற்கு. கவுண்டி வரைபடத்தில் இந்த நீளம் முழுக்க ஒரே அடர்நிறம். முதல் கூட்டத்தில் நான் காட்டியது அதைத்தான். ஆல்ஃபரெட்டாவிலிருந்து வந்த ஒரு அக்கா, "எங்க பக்கமும் இவ்வளவு இருக்கா?" என்று பதறிப்போய்க் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த நிறம் அவர் தெருவைப் பற்றியும் சரியாகச் சொல்லவில்லை, நாங்கள் போகவேண்டிய தெருவைப் பற்றியும் சொல்லவில்லை.

எய்ட்ஸ்வியூவில் அட்லாண்டா போன்ற சில நகரங்களுக்கு ஜிப் கோடு (நம்மூர் பின் கோடு போன்றது) வாரியாகவே பார்க்கலாம். அங்கே போனதும் அந்த ஒற்றை நிறம் உடைந்துவிடுகிறது. நகரின் மையத்தை ஒட்டிய பகுதிகள் அடர்ந்து நிற்கின்றன, வடக்கே போகப் போக வெளுக்கிறது. வறுமை, மருத்துவக் காப்பீடு இல்லாதோர் பற்றிய வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய அதே இடங்கள் மறுபடி கருக்கும்போது, இது மனிதர்களின் நடத்தையைப் பற்றிய படம் மட்டும் இல்லை என்று நான் வாய் திறந்து சொல்லவேண்டிய தேவையே இருப்பதில்லை.

நெருங்கிப் பார்ப்பதில் சிக்கலும் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனிமனிதர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் அந்த இடத்துக்கு நிறமே போடமாட்டார்கள். கவுண்டி அளவில் 5 பேருக்குக் குறைந்தாலே மறைத்துவிடுவார்கள். "அண்ணா, நிறமில்லாத இடமெல்லாம் பத்திரமான இடமா?" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. அங்கே நான்கு பேர் இருக்கலாம், பரிசோதனைக்கே யாரும் போகாமலும் இருக்கலாம். தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது என்பது சி.டி.சி.யின் மதிப்பீடு. அவர்கள் எந்த நிறத்திலும் இல்லை.

அடர்நிறம் என்றால் தொற்று வேகமாகப் பரவுகிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து கிடைத்து மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் அந்த இடம் வருடா வருடம் அடர்ந்துகொண்டேதான் போகும். அதற்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும். இப்போது எங்கே பரவுகிறது என்று தெரியப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் வரைபடத்துக்கு மாற வேண்டும். ஆள் குறைவான கவுண்டியில் பெரிய சிறைச்சாலை இருந்தால் அதுவும் விகிதத்தை ஏற்றிவிடும். எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்காமல் நான் இப்போது எதுவும் சொல்வதில்லை.

எய்ட்ஸ்வியூவை நடத்துவது எமரி பல்கலைக்கழகம். உடன் நிற்பது கிலியட் நிறுவனம், எச்.ஐ.வி. மருந்துகளையும் தொற்றைத் தடுக்கும் பிரெப் மாத்திரைகளையும் தயாரிப்பவர்கள். தொற்றுக் கணக்குகள் சி.டி.சி.யிடமிருந்தும் சுகாதாரத் துறைகளிடமிருந்தும் வருபவை என்பதால் எனக்கு அதில் தயக்கம் இல்லை. ஆனாலும் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். புதிதாகத் தொற்று கண்டறியப்படும் ஒருவருக்கு எத்தனை பேர் பிரெப் எடுக்கிறார்கள் என்ற விகிதத்தையும் அதில் பார்க்கலாம். தென் மாநிலங்களில் அது குறைவு. ஜார்ஜியாவில் இருக்கும் எங்களுக்கு இது நேரடியாக உறைக்கும் செய்தி.

வருடவாரியான போக்கைப் பார்ப்பதில் எனக்கு அனுபவம் குறைவு. 2020-இல் கொரோனாவால் பரிசோதனைகள் குறைந்ததால் அந்த ஆண்டின் சரிவை நம்பக் கூடாது என்பது மட்டும் தெரியும். இந்த வேலைக்கு அட்லஸ்பிளஸ் வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். கிராமப்புறக் கவுண்டிகளில் வேலை செய்பவர்களுக்கும் என் தேர்வு பெரிதாக உதவாது, ஜிப் கோடு விவரம் அங்கெல்லாம் இல்லை.

எங்கள் கூட்டங்களில் இப்போது எய்ட்ஸ்வியூவில் பரிசோதனை மையங்களைக் காட்டும் புள்ளிகளையும் போட்டுவிடுகிறோம். போன முறை, அடர்ந்த ஒரு ஜிப் கோட்டில் இரண்டே புள்ளிகள்தான் இருந்தன. அந்தத் தம்பி இரண்டு விலாசத்தையும் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை திறந்திருப்பார்களா என்று அங்கேயே போன் போட்டுக் கேட்டான்.