பழைய ஹெரால்டுக்கு எந்த பெட்ரோல் பம்ப்?

கும்பகோணத்தில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரை ஒரு வாரம் எடுக்காவிட்டால் போதும், அடுத்த காலையில் முரண்டு பிடிக்கும். இது 948 சிசி இன்ஜின். 1962இல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் 1147 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான். அதனால் அந்த வண்டி வைத்திருப்பவருக்கும் மெக்கானிக்கல் பம்பா, எலக்ட்ரிக் பம்பா என்ற இந்தக் கணக்கு உதவும்.

பிளக், பாயின்ட், பேட்டரி எல்லாம் யாரும் முதலில் பார்ப்பதுதான். ஐப்பசி அடைமழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் சரி. மார்கழியில்கூட நம் பக்கம் இன்ஜின் முடங்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. என் வண்டியைப் படுத்தியது, சும்மா நின்ற நாட்கள்.

ஒரு காலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டேன். பாட்டிலை மூடித் தூர வைத்து, ஃபில்டரை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடித்தேன். பிடித்தது, இரண்டு விநாடி ஓடி நின்றது. ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கி இருந்தது ஆவியாகிவிட்டது. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் ஓடும். அது மறுபடி நிறையும்வரை செல்ஃப் அடித்தால் பேட்டரி படுத்துவிடும்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டால் சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று கிண்ணம் நிறைந்துவிடும். நானும் போட்டேன், எட்டு மாதம் ஓட்டினேன். ஸ்டார்ட்டிங்கில் குறையே இல்லை. ஆனால் இந்தக் கார்புரேட்டருக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ அழுத்தம் போதும். நான் வாங்கிய பம்ப் அதற்கு மேல் தள்ளியது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து கொட்டகை முழுக்க வாடை. அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் வேண்டும். விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

பழைய மெக்கானிக்கல் பம்பையே திரும்பப் போட்டேன். பராமரிப்புதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. ஹெரால்டின் பானெட் முழுசாக முன்பக்கம் சாயும், பம்ப் கைக்கெட்டும் தூரத்தில். அதன் அடியில் சின்ன லீவர் ஒன்று உண்டு. அதைக் கையால் அடித்தால் பெட்ரோல் ஏறும். கிண்ணம் நிறைந்ததும் லீவர் தளர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே தளர்வாக இருந்தால் பம்பைத் தள்ளும் இன்ஜின் கேம் மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம், இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் சோக்கை இழுத்துச் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது.

இதிலும் தேய்வது உண்டு, பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரமும் ஹோஸும்தான் போட வேண்டும். கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. டயாஃப்ரம் மாற்ற ஒரு மணி நேரம் போதும், நம்மூர் மெக்கானிக் அண்ணன்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

நான் ஓட்டுவது ஞாயிறு காலையில் தரங்கம்பாடி வரை. சித்திரை வெயிலில், உச்சிவேளையில், நெரிசலில் ஓட்டுபவருக்குப் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைக்கும். டேங்க் பக்கம் வைத்த எலக்ட்ரிக் பம்ப் அவருக்குத்தான் சரி.